வளையும் உலோகத்தின் உள்ளே: படிகமணிகளைக் கணக்கிடும் கணினி மாதிரிகள்

செம்புக் கம்பி ஒன்றை நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு வளைத்தால் விரல் அழுத்தத்துக்கே வளைந்து கொடுக்கும். அதை நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபடி வளைக்க முயலுங்கள். கம்பி முரண்டு பிடிக்கும். புதிய வளைவு பழைய இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி விழும். கம்பியோடு எதையும் சேர்க்கவில்லை, அதிலிருந்து எதையும் எடுக்கவுமில்லை. அதே செம்புதான், அதே எடைதான். வலிமை மட்டும் மாறிவிட்டது.

ஆகவே, "செம்பின் வலிமை எவ்வளவு?" என்று யாராவது கேட்டால் ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. அந்தச் செம்பு எப்படி உருவாக்கப்பட்டது, அதற்கு இதுவரை என்னென்ன நேர்ந்தது, அதை எந்தத் திசையில் இழுக்கப் போகிறோம் என்பதையெல்லாம் கேட்டறிந்துதான் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றின் சுவடும் உலோகத்தின் நுண்கட்டமைப்பில் பதிந்திருக்கிறது. வெறும் கண்ணுக்கு எட்டாத அளவில் உலோகம் உள்ளுக்குள் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தான் நுண்கட்டமைப்பு என்கிறோம்.

இந்த உள்ளமைப்பையும் அது மாறும் விதத்தையும் கணினியில் கணக்கிடுவதற்கென்றே ஒரு துறை வளர்ந்திருக்கிறது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிய கனசதுரப் படங்கள் அதன் அடையாளம். அந்தப் படங்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. "அணு அணுவாகக் கணக்கிட்டு, உலோகத்தின் குணத்தைக் கணினியே கண்டுபிடித்துவிட்டது" என்பது ஒன்று. "சோதனையில் வந்த வளைகோட்டுக்குப் பொருந்தும்படி எண்களைத் திருகி வரைந்த அலங்காரம்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. கணினிக்கு நாம் எதைக் கொடுத்தோம், அது எதைத் திருப்பிக் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். அப்படிப் பிரித்துப் பார்க்கத் தேவையான அளவுக்கு மட்டும் இங்கே விளக்குகிறேன்.

உலோகம் ஒரே கட்டி அல்ல

உருகிய உலோகம் குளிரும்போது ஒரே நேரத்தில் பல இடங்களில் உறையத் தொடங்குகிறது. ஒவ்வோர் இடத்திலும் அணுக்கள் ஒழுங்கான வரிசைகளில் அடுக்கப்பட்டு ஒரு சிறு படிகம் வளர்கிறது. வளர்ந்துகொண்டே போய், பக்கத்தில் வளர்ந்துவரும் இன்னொரு படிகத்தின் மேல் முட்டியதும் நின்றுவிடுகிறது. இப்படி உருவான ஒவ்வொரு சிறு படிகத்தையும் படிகமணி என்று சொல்லலாம். இரண்டு மணிகள் சந்திக்கும் இடம் மணி எல்லை. எண்ணற்ற மணிகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் திண்மம்தான் பல்படிக உலோகம். நாம் அன்றாடம் தொடும் உலோகப் பொருள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டின் மேல் பூப்போலப் பரவிய வடிவங்களைப் பார்த்திருந்தால், நீங்கள் படிகமணிகளை வெறும் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். ஆனால் அது விதிவிலக்கு. வழக்கமான தகடுகளிலும் கம்பிகளிலும் மணியின் குறுக்களவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எல்லா மணிகளிலும் அணுக்கள் ஒன்றுதான், அவை அடுக்கப்பட்ட முறையும் ஒன்றுதான். அடுக்குகள் பார்க்கும் திசைதான் மணிக்கு மணி மாறுகிறது. இதைத் திசையமைவு என்பார்கள். திசை மாறுவதால் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். செம்பில் அணுக்கள் கனசதுர வடிவில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கனசதுர விளிம்பின் திசையில் படிகத்தை இழுத்தால் விறைப்பு, அதாவது நீள்வதை எதிர்க்கும் அளவு, சுமார் 67 கிகாபாஸ்கல். அதே படிகத்தைக் கனசதுரத்தின் நடு வழியாக மூலைக்கு மூலை செல்லும் திசையில் இழுத்தால் சுமார் 191 கிகாபாஸ்கல். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரே கம்பிக்குள் விறைப்பான மணியும் நெகிழ்வான மணியும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

சீட்டுக்கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்

உலோகம் வளையும்போது இரண்டு விதமான மாற்றங்கள் நடக்கின்றன. விசையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புவது மீட்சி உருமாற்றம். திரும்பாமல் தங்கிவிடுவது நிலைத்த உருமாற்றம். கம்பி வளைந்தபடியே நிற்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது.

நிலைத்த உருமாற்றத்தில் படிகம் மாவைப் போலக் குழைவதில்லை. அது சறுக்குகிறது. மேசைமேல் வைத்த சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கட்டு முழுவதும் சாய்ந்த வடிவம் பெறும் அல்லவா? அது போலத்தான். சீட்டுகளின் முகம் இருக்கும் தளத்தில் கட்டு எளிதாகச் சறுக்கும். சீட்டுகளுக்குக் குறுக்கே எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. படிகத்திலும் அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட சில தளங்களில், சில திசைகளில் மட்டுமே சறுக்கல் நடக்கிறது. ஒரு தளமும் அதில் ஒரு திசையும் சேர்ந்த இணையைச் சறுக்கு அமைப்பு என்கிறோம்.

இனி, பல சீட்டுக்கட்டுகளை ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்து, ஒன்றோடொன்று பசையால் ஒட்டி ஒரு பெட்டிபோல் ஆக்கிவிடுங்கள். அந்தப் பெட்டியை அழுத்தினால் ஒவ்வொரு கட்டும் தன் போக்கில் சறுக்கப் பார்க்கும். பக்கத்துக் கட்டு விடாது. பல்படிக உலோகத்தின் முழுச் சிக்கலும் இந்த இழுபறிக்குள் இருக்கிறது.

ஒப்புமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சீட்டுக்கட்டுக்கு ஒரே ஒரு தளக் குடும்பம். செம்பு, அலுமினியம், நிக்கல் போன்ற உலோகங்களின் படிகத்தில் நான்கு தளங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று திசைகள், ஆக 12 சறுக்கு அமைப்புகள் இருக்கின்றன. மக்னீசியத்தில் எளிதாகச் சறுக்கும் தளம் ஒன்றே ஒன்று. அறை வெப்பநிலையில் அலுமினியத் தகட்டை வேண்டியபடி வடிக்க முடிவதற்கும், மக்னீசியத் தகடு அதே வேலையில் விரிசல் விடுவதற்கும் இது ஒரு முக்கியமான காரணம்.

உண்மையில் நகர்வது எது?

ஒப்புமை இன்னோர் இடத்திலும் நம்மைக் கைவிடுகிறது. சீட்டு முழுதாக நகரும்; அணுத்தளம் அப்படி முழுதாக நகர்வதில்லை. 1926-இல் யாக்கோவ் ஃபிரெங்கெல் ஓர் எளிய கணக்குப் போட்டார். ஓர் அணுத்தளம் முழுவதும் ஒரே வீச்சில் அடுத்த தளத்தின்மேல் வழுக்கிப் போக எவ்வளவு விசை வேண்டும்? அவர் முறையில் வரும் மதிப்பு, தூய உலோகப் படிகங்களில் அளந்து பார்த்த மதிப்பைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இத்தனை பெரிய இடைவெளியைச் சோதனைப் பிழை என்று ஒதுக்க முடியாது.

விடை 1934-இல் வந்தது. ஜெஃப்ரி டெய்லர், எகோன் ஒரோவான், மைக்கேல் பொலானி ஆகிய மூவரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். தளத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே சறுக்கிவிட்டது, மறு பகுதி இன்னும் சறுக்கவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு இருக்கும். அந்தக் கோட்டின் அருகே மட்டும் அணுக்களின் ஒழுங்கு குலைந்திருக்கும். அதைப் பிறழ்வுக் கோடு என்று சொல்லலாம். கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தளத்தைக் கடந்தால், தளம் ஓர் அணு இடைவெளி அளவுக்குச் சறுக்கி முடித்திருக்கும். எல்லா அணுப் பிணைப்புகளையும் ஒரே நேரத்தில் அறுக்கத் தேவையில்லாததால் சிறு விசையே போதும். கோட்பாட்டில் மட்டும் இருந்த இந்தக் கோடுகள் மெல்லிய அலுமினியத் தாளுக்குள் நகர்வதை 1956-இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹோர்ன், வீலன் ஆகியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள்.

கம்பி ஏன் முரண்டு பிடித்தது என்பது இப்போது விளங்கும். வளைக்க வளைக்கப் பிறழ்வுக் கோடுகள் பெருகுகின்றன. பெருகியவை ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கிட்டுச் சிக்கிக்கொள்கின்றன. இதன் பெயர் திரிபுக் கடினமாதல். எவ்வளவு பெருகுகின்றன தெரியுமா? நன்றாக அடித்தோ உருட்டியோ கடினமாக்கிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிறழ்வுக் கோடுகளை எல்லாம் முனைக்கு முனை சேர்த்து நீட்டினால், நீளம் சுமார் 10 லட்சம் கிலோமீட்டரை எட்டும். பூமியிலிருந்து நிலவுக்குப் போய்த் திரும்பிய பிறகும் மிச்சம் இருக்கும். இந்த எண்ணை எத்தனை முறை கணக்கிட்டுப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அணுவிலிருந்தே தொடங்கினால் என்ன?

முதல் தவறான பேச்சுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஒரு கன மில்லிமீட்டர் செம்பில் சுமார் 8.5 × 10¹⁹ அணுக்கள் இருக்கின்றன. அணுக்களின் அசைவைத் தொடரும் கணக்கில் ஒவ்வோர் அடியும் ஒரு ஃபெம்டோ நொடி (நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) அளவுக்குத்தான் முன்னேறும். நூறு கோடி அடிகள் நடந்து முடித்தாலும் கடந்திருப்பது ஒரு மைக்ரோ நொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கம்பியை வளைக்கும் நேரத்தை அந்த நடையில் எட்டவே முடியாது. அணுக் கணக்குக்குப் பயன் வேறு: ஒரு பிறழ்வுக் கோடு எப்படி நகர்கிறது, ஒரு மணி எல்லையில் மோதினால் என்ன ஆகிறது என்பதை அது நெருக்கமாகக் காட்டும்.

படிகமணிகளைக் கணக்கிடும் மாதிரிகள் ஒரு மாடி மேலே நிற்கின்றன. அவற்றில் அணு கிடையாது; தனித்தனிப் பிறழ்வுக் கோடும் பெரும்பாலும் கிடையாது. "இந்தப் புள்ளியில், இந்தச் சறுக்கு அமைப்பில், இவ்வளவு சறுக்கல்" என்ற கணக்கு மட்டுமே உண்டு. இதைப் படிக நெகிழ்வு மாதிரி என்று அழைக்கலாம். வண்ணப் படங்களில் பெரும்பாலானவை இங்கிருந்து வருபவை.

எந்த அமைப்பு முதலில் சறுக்கும்?

ஒரு பரப்பளவின்மேல் விழும் விசையைத் தகைவு என்கிறோம். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் என்றால் அது ஒரு மெகாபாஸ்கல். கம்பியை இழுக்கும்போது அந்தத் தகைவு முழுவதும் சறுக்கலுக்குப் பயன்படுவதில்லை. சறுக்குத் தளத்தில், சறுக்குத் திசையில் விழும் பங்குதான் வேலை செய்கிறது. அந்தப் பங்கு ஒரு குறிப்பிட்ட மதிப்பை எட்டினால் சறுக்கல் தொடங்கும். 1924-இல் எரிச் ஷ்மிட் சொன்ன விதி இது. பங்கின் உச்ச அளவு பாதி. தளமும் திசையும் இழுவிசைக்கு 45 பாகை சாய்ந்திருந்தால் அது கிடைக்கும்.

இரண்டு அலுமினிய மணிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் 100 மெகாபாஸ்கல் தகைவில் இழுக்கிறோம். முதல் மணியின் கனசதுர விளிம்பு இழுக்கும் திசையில் இருக்கிறது. கணக்குப் போட்டால், அதன் 12 அமைப்புகளில் 8 அமைப்புகள் தலைக்கு 40.8 மெகாபாஸ்கல் பெறும். இரண்டாம் மணியின் மூலைவிட்டம் இழுக்கும் திசையில் இருக்கிறது. அதில் 6 அமைப்புகள் தலைக்கு 27.2 மெகாபாஸ்கல் மட்டும் பெறும். சறுக்கல் தொடங்க 30 மெகாபாஸ்கல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் மணி சறுக்கத் தொடங்கியிருக்கும், இரண்டாம் மணி அசைந்திருக்காது. உலோகம் ஒன்று, விசை ஒன்று, ஆனாலும் ஒன்று வளைகிறது, மற்றது விறைத்து நிற்கிறது.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: உலோகம் என்பது வெவ்வேறு திசை பார்க்கும் படிகமணிகளின் கூட்டம். மணிகள் குறிப்பிட்ட தளங்களிலும் திசைகளிலும் மட்டும் சறுக்கும். சறுக்கலைச் சுமப்பவை பிறழ்வுக் கோடுகள். எந்த மணி எப்போது தொடங்கும் என்பதை அதன் திசையமைவு தீர்மானிக்கிறது.

பக்கத்து மணியின் பிடி

மேலே போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரண்டு மணிகளும் தனித்தனியே காற்றில் தொங்குவதுபோல நினைத்துக்கொண்டோம். உண்மையில் அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதல் மணி தன் இஷ்டத்துக்கு நீண்டால், அசையாத இரண்டாம் மணிக்கும் அதற்கும் நடுவே பிளவு விழ வேண்டும், அல்லது ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ள வேண்டும். இரண்டுமே நடப்பதில்லை. அப்படியானால் மணிகள் தங்களுக்குள் எப்படி ஒத்துப்போகின்றன? இந்தக் கேள்விக்குக் கொடுத்த விடைகளை வரிசையாக வைத்தாலே இந்தத் துறையின் வரலாறு கிடைத்துவிடும்.

1928-இல் சாக்ஸ், எல்லா மணிகளும் ஒரே தகைவைப் பெறுகின்றன என்று வைத்துக்கொண்டார். விசைக் கணக்கு எளிதாயிற்று. மணிகள் மட்டும் ஒட்டாமல் பிரிந்து நின்றன. 1938-இல் டெய்லர் நேர் எதிராக, எல்லா மணிகளும் ஒரே அளவு வடிவம் மாறுகின்றன என்று வைத்துக்கொண்டார். வடிவ மாற்றத்தின் அளவைத் திரிபு என்கிறோம். ஒவ்வொரு மணியும் தனக்கு இடப்பட்ட எந்தத் திரிபையும் ஏற்க வேண்டுமானால், ஒன்றுக்கொன்று சாராத ஐந்து சறுக்கு அமைப்புகளாவது ஒரே நேரத்தில் இயங்கியாக வேண்டும். மணிகள் பிரியாமல் ஒட்டி நின்றன. எல்லையின் இரு பக்கமும் விசைகள் மட்டும் சமன்படவில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணில் காணலாம். செம்பு வகைப் படிகத்தில், மணிகள் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவியிருந்தால், கம்பியை இழுக்கத் தேவைப்படும் தகைவு சறுக்கலுக்கு வேண்டிய தகைவைப் போல எத்தனை மடங்கு? சாக்ஸ் வழியில் 2.24, டெய்லர் வழியில் 3.06. சறுக்கலுக்கு 20 மெகாபாஸ்கல் வேண்டும் என்றால், முதல் வழி சுமார் 45 என்கிறது, இரண்டாம் வழி சுமார் 61 என்கிறது. உலோகம் இடையில் எங்கோ, பெரும்பாலும் டெய்லர் பக்கமாகவே நிற்கிறது. தாளும் பேனாவும் கொண்டு போட்ட இந்தக் கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது என்றால், அதன் அடிப்படை எவ்வளவு திடமானது என்று பாருங்கள்.

இடைவழியும் உண்டு. ஒவ்வொரு மணியையும், மற்ற எல்லா மணிகளின் சராசரிக் குணம் கொண்ட ஊடகம் ஒன்றில் பதித்ததாகப் பாவித்துக் கணக்கிடுவது அது. விரைவாக முடியும், விடையும் நன்றாகவே வரும். ஆனால் அந்த மணியின் உண்மையான அண்டை யார் என்பதை அந்தக் கணக்கு அறியாது. அண்டை முக்கியம் என்றால் முழுப் படத்தையும் கணக்கிட்டாக வேண்டும்.

கணினிக்குள் ஒரு சிறு கனசதுரம்

முழு இயந்திர உறுப்பையும் மணி மணியாகக் கணக்கிட முடியாது. உலோகத்தின் ஒரு சிறு கனசதுரத்தை மட்டும் எடுத்து, அது மொத்த உலோகத்துக்கும் சார்பாக நிற்கும் என்று கொள்கிறார்கள். இதற்குப் பிரதிநிதிக் கனஅளவு என்று பெயர். அதற்குள் மணிகளை வரைய வேண்டும். உலோகத்தை மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் சாய்த்து வைத்து, புள்ளி புள்ளியாக எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால் ஒவ்வொரு புள்ளியின் திசையமைவையும் அளந்துவிடலாம். அந்த அளவீட்டின் புள்ளிவிவரத்துக்கு ஒத்துப்போகும்படி கணினியில் செயற்கை மணிகளை உருவாக்குவது வழக்கம்.

பிறகு கனசதுரத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரிக்கிறார்கள். எத்தனை புள்ளிகள் என்பதில்தான் இழுபறி. மணியின் அளவு 50 மைக்ரோமீட்டர் என்றால், ஒரு கன மில்லிமீட்டருக்குள் சுமார் 8,000 மணிகள் அடங்கும். பக்கத்துக்கு 64 என்று பிரித்தால் 2,62,144 புள்ளிகள். மணிக்கு 33 புள்ளிகூடத் தேறாது. மணிக்குள்ளே தகைவு எப்படி மாறுகிறது என்று பார்க்க இது போதாது. 200 மணிகளோடு நிறுத்திக்கொண்டால் மணிக்கு 1,300 புள்ளிகள் கிடைக்கும். உட்புறம் தெளிவாகத் தெரியும். ஆனால் 200 மணிகள் மொத்த உலோகத்துக்கும் சார்பாகப் பேசுமா என்ற கவலை வந்துவிடும். இந்த இரண்டில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது ஓட்டம். கனசதுரத்தை மிகச் சிறிய அளவுக்கு இழுக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் தகைவு என்ன என்று ஓர் ஊகம் வைக்கிறார்கள். அந்தத் தகைவை 12 அமைப்புகளுக்கும் பங்கிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாகச் சறுக்கும் என்று பார்க்கிறார்கள். சறுக்கும் வேகத்துக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் விதி மிகவும் கூர்மையானது. உதாரணமாக, பெற்ற தகைவுக்கும் தேவையான தகைவுக்கும் உள்ள விகிதத்தை 20-ஆம் அடுக்குக்கு உயர்த்துவார்கள். தேவையைவிட 10 சதவீதம் கூடுதலாகப் பெற்ற அமைப்பு கிட்டத்தட்ட 6.7 மடங்கு வேகத்தில் சறுக்கும். 10 சதவீதம் குறைவாகப் பெற்ற அமைப்பின் வேகம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தொடங்கிய அமைப்பு ஓடும், தொடங்காதது ஏறத்தாழ நின்றே இருக்கும் என்ற உண்மையைக் கணிதத்தில் சொல்லும் வழி அது.

சறுக்கல்களைக் கூட்டினால் புள்ளியின் திரிபு கிடைக்கும். அண்டைப் புள்ளிகளோடு பிளவின்றிப் பொருந்துகிறதா, விசைகள் எல்லா இடத்திலும் சமன்படுகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். பொருந்தவில்லை என்றால் ஊகத்தைத் திருத்தி மறுபடி ஓட்டம். எல்லாப் புள்ளிகளும் ஒத்துப்போகும்வரை இந்தச் சுற்று நடக்கும். ஒத்துப்போனதும் அடுத்த சிறு இழுப்பு. இந்தச் சரிபார்ப்பை, பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் செய்யலாம். பியர்ஸ், அசாரோ, நீடில்மன் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழிக்கு முக்கியமான தொடக்கம். 1994-இல் மூலினெக், சுக்கே இருவரும் அறிமுகப்படுத்திய, தகைவையும் திரிபையும் அலைகளின் கூட்டாக எழுதிக் கணக்கிடும் ஃபூரியர் உருமாற்ற முறையிலும் செய்யலாம்; ஒழுங்கான கட்டங்களுக்கு அது மிக வேகமானது. கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு ஒரு நல்ல செய்தி: ஜெர்மனியின் டசல்டார்ஃப் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவான டமாஸ்க் போன்ற மென்பொருள்கள் மூலநிரலோடு இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒவ்வொரு அடியிலும் இரண்டு விஷயங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. சறுக்கிய அமைப்புகள் கடினமாகின்றன. படிகமும் மெல்லத் திரும்புகிறது. சீட்டுக்கட்டின் இரு முனைகளையும் பிடித்து நேராக இழுத்தால், சீட்டுகள் வழுக்கும்போதே இழுக்கும் பக்கமாகச் சாய்ந்துகொள்வதைப் போன்றது அந்தத் திரும்பல். தகட்டை உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப உருட்டினால், ஆயிரக்கணக்கான மணிகள் இப்படித் திரும்பித் திரும்பி, சில திசைகளில் கூட்டமாகக் குவிந்துவிடும். இந்தக் குவிப்பைத் திசைச் சாய்வு என்பார்கள்.

திசைச் சாய்வு கைக்கு அகப்படும் விஷயம். உருட்டிய அலுமினியத் தகட்டிலிருந்து வட்டமாக ஒரு வில்லையை வெட்டி, அச்சில் அழுத்திக் கிண்ணமாக வடித்தால், விளிம்பு சமமாக வராது. நான்கு இடங்களில் மேடும் நடுநடுவே பள்ளமுமாக அலை அலையாக எழும்பும். அந்த மேடுகளைத் தொழிலில் காது என்றே சொல்கிறார்கள். பான டப்பா செய்யும் ஆலையில் அந்தக் காதுகளை அறுத்து எறிய வேண்டும். அத்தனையும் வீணாகும் உலோகம். மேடுகள் எந்தத் திசையில் எழும், எவ்வளவு உயரம் எழும் என்பதைத் தகட்டின் திசைச் சாய்வை அளந்து முன்கூட்டியே கணக்கிட முடிகிறது. எந்த உருட்டலும் எந்தச் சூடாக்கலும் காதைக் குறைக்கும் என்று தேடவும் முடிகிறது.

கொடுத்தது எது, கிடைத்தது எது?

படிகத்தின் அமைப்பு, அதன் விறைப்பு எண்கள், சறுக்கு அமைப்புகள், மணிகளின் திசையமைவு ஆகியவை நாம் கொடுப்பவை. எல்லாம் தனியே அளந்தறிந்தவை. கடினமாதல் எந்த வேகத்தில் நடக்கும் என்பதையும் நாமே கொடுக்கிறோம். இது மட்டும் பெரும்பாலும் இழுவிசைச் சோதனையின் வளைகோட்டோடு (நீள நீளத் தகைவு எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு) பொருத்தி எடுக்கப்படுகிறது. மணிகளுக்கிடையே தகைவு பங்கிடப்படும் விதம், மணிகள் திரும்பும் விதம், திசைக்குத் திசை வலிமை மாறும் அளவு ஆகியவை கணக்கிலிருந்து கிடைப்பவை.

ஆகவே, மாதிரி தந்த வளைகோடு சோதனை வளைகோட்டின்மேல் அச்சுப்போல் படிந்துவிட்டது என்று யாராவது பெருமைப்பட்டால், அதில் வியக்க ஒன்றுமில்லை. அந்தக் கோட்டுக்காகத்தான் எண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வெவ்வேறு எண் தொகுதிகள் ஒரே வளைகோட்டைத் தரக்கூடும்; ஆனால் மணிகளுக்குள் அவை காட்டும் படங்கள் வெவ்வேறாக இருக்கும். பொருத்தப் பயன்படுத்தாத சோதனையில்தான் மாதிரியின் உண்மைத் தன்மை வெளிப்படும். ஒரு திசையில் இழுத்துப் பொருத்திய எண்களைக் கொண்டு, வேறு திசையில் இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். இழுத்துவிட்டு உடனே அமுக்கினால் உலோகம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தளர்கிறது. பௌஷிங்கர் விளைவு என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்ட குணம் அது. அதை மாதிரி சொல்கிறதா? உருட்டிய பிறகு வரும் திசைச் சாய்வைச் சொல்கிறதா? இவற்றில் தேறினால் தயங்காமல் நம்பலாம்.

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒரு புள்ளியில் சற்று நிற்கிறேன். மணிகள் சிறியவையாக இருந்தால் உலோகம் வலுவாக இருக்கும். 1951-இல் ஹாலும் 1953-இல் பெட்ச்சும் உருக்கில் காட்டிய விதி இது. மணியின் விட்டம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், மணிகளின் அளவால் வரும் வலிமைப் பங்கு இரண்டு மடங்காகும். பிறழ்வுக் கோடுகளால் மணி எல்லையை எளிதாகக் கடக்க முடியாததே இதற்கு அடிப்படை. இனி, மேலே விவரித்த எளிய மாதிரியில் 100 மைக்ரோமீட்டர் மணிகளுக்குப் பதிலாக அதே வடிவத்தில் 1 மைக்ரோமீட்டர் மணிகளை வைத்து ஓட்டுங்கள். விடை எத்தனை வந்தது? முன்பு வந்ததேதான், கடைசி இலக்கம்வரை. அந்தச் சமன்பாடுகளில் நீளம் என்ற ஒன்றே இல்லை. விகிதங்களும் திசைகளும் மட்டுமே இருக்கின்றன. படத்தில் மணிகள் பொடிப்பொடியாகத் தெரிவதாலேயே வலிமை கூடிவிடாது.

அளவின் தாக்கம் வேண்டுமானால் நீளத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு மணிக்குள்ளேயே சறுக்கல் இடத்துக்கு இடம் மாறினால், படிகம் உள்ளுக்குள் வளைய நேரிடும். அந்த வளைவைத் தாங்க, கட்டாயமாக இவ்வளவு பிறழ்வுக் கோடுகள் அங்கே இருந்தாக வேண்டும் என்று வடிவக் கணக்கே சொல்லிவிடும். 1953-இல் நை வகுத்த கருத்து இது. சிறிய மணிகளில் வளைவு கூர்மையாக இருக்கும், கோடுகள் அதிகமாகும், வலிமை கூடும். இதைச் சேர்த்த மாதிரிகள் உண்டு. அவை கூடுதலாகக் கணக்கு நேரம் கேட்கும். "சிறு மணி வலுவானது என்று கணினி நிரூபித்தது" என்று படித்தால், அந்த மாதிரியில் நீளம் எந்த வழியாக நுழைந்தது என்று பாருங்கள். சில நேரம் ஹால்-பெட்ச் விதியையே நேரடியாக உள்ளே எழுதியிருப்பார்கள். அப்போது கணினி நிரூபித்தது எதுவுமில்லை. நாம் சொன்னதை நமக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறது.

சுருக்கமாக: மணிகளின் இழுபறியும் திரும்பலும் மாதிரி தானே கண்டுசொல்பவை. கடினமாகும் வேகமும், பெரும்பாலும் மணி அளவின் தாக்கமும், நாம் ஊட்டுபவை.

சூடேற்றும்போது நடப்பவை

வளைந்து கடினமான கம்பியை மறுபடி சூடாக்கினால் மென்மை திரும்பும். வளைக்கச் செலவிட்ட ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. 1934-இல் டெய்லரும் குவின்னியும் இதை அளந்தார்கள். சிறு பங்கு மட்டும் பிறழ்வுக் கோடுகளில் தங்கியிருக்கிறது. போதிய சூடு கிடைத்ததும், கோடுகள் மிகக் குறைவான புதிய மணிகள் ஆங்காங்கே முளைத்து, சிக்கல் நிறைந்த பழைய மணிகளை விழுங்கி வளர்கின்றன. இது மறுபடிகமாதல்.

இதற்கான மாதிரிகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் அண்டைக் கட்டத்தைப் பார்த்து எந்த மணியோடு சேர்வது என்று முடிவெடுக்கும்படி செய்வது ஒரு வழி. எல்லையைக் கூர்மையான கோடாக வைக்காமல் மெல்ல மாறும் மங்கிய பட்டையாக வைத்து, மொத்த ஆற்றல் குறையும் திசையில் நகரவிடுவது இன்னொரு வழி. முளைத்த மணிகள் எப்படிப் போட்டியிட்டு வளரும் என்பதை இவை நன்றாகச் சொல்கின்றன. எங்கே முளைக்கும் என்பதில்தான் தடுமாற்றம். பல மாதிரிகளில் முளைகளின் இடத்தையும் எண்ணிக்கையையும் ஆய்வாளரே கொடுத்துவிடுகிறார். கடைசி மணி அளவு சரியாக வந்திருந்தால், அதில் எவ்வளவு பங்கு அந்தக் கொடையிலிருந்து வந்தது என்று கேட்பது நியாயமே.

படத்தை உலோகத்தோடு ஒப்பிடுவது

மணி மணியாக ஒப்பிடுவதே மிகக் கடினமான சோதனை. உலோகத்தின் மேற்பரப்பில் திசையமைவை அளந்து, அதே மணிகளைக் கணினியில் வரைந்து, இரண்டையும் இழுத்துப் பார்ப்பார்கள். பல மணிகளில் ஒத்துப்போகும். சிலவற்றில் சற்றும் ஒட்டாது. காரணம் பல நேரங்களில் பரப்புக்கு அடியில் இருக்கிறது. நுண்ணோக்கிக்குத் தெரிந்தது மேல்தோல் மட்டும். கீழே ஒரு விறைப்பான மணி மறைந்திருந்தால், மேலே இருக்கும் மணியின் நடத்தையே மாறிவிடும். துகள்முடுக்கிகளிலிருந்து வரும் வலிமையான எக்ஸ் கதிர்களைக் கொண்டு, உலோகத்தை வெட்டாமலே உள்ளிருக்கும் மணிகளைப் படமெடுக்கும் முறைகள் வந்த பிறகு இந்தக் குறை பெருமளவு நீங்கியிருக்கிறது. பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு நிலையம் இந்தப் பணியில் முன்னோடி. இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு மணியும் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு தகைவைத் தாங்குகிறது என்று அங்கே அளக்க முடியும்.

சில கேள்விகளுக்குச் சராசரி போதும். தகட்டை வடிக்க எவ்வளவு விசை வேண்டும், காது எங்கே எழும் என்பவை அப்படிப்பட்டவை. களைப்பு முறிவு வேறு வகை. தாங்கும் எல்லைக்கு உட்பட்ட சிறு விசையே லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுந்து, முடிவில் உறுப்பு உடைவதைக் களைப்பு முறிவு என்கிறோம். அங்கே விரிசல் ஏதோ ஒரு மணியில் தொடங்குகிறது: சறுக்கலுக்கு மிகவும் வாகாகத் திரும்பிய பெரிய மணி, பக்கத்தில் அதற்கு வளைந்து கொடுக்காத மணி, இரண்டும் பரப்பை ஒட்டி அமைந்துவிட்ட தற்செயல். ஆயிரம் மணிகளின் சராசரியில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் களைப்பை ஆராய்பவர்கள் ஒரே கனசதுரத்தோடு நிற்பதில்லை. அதே புள்ளிவிவரத்தில் மணிகளைக் கலைத்துக் கலைத்துப் பல கனசதுரங்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் மிக அதிகமாகச் சறுக்கிய ஓர் இடத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்த மோசமான இடங்களின் பரவலை வரைகிறார்கள். உறுப்பின் ஆயுளுக்கு வரம்பு குறிக்கும்போது அவர்கள் பார்ப்பது அந்தப் பரவலின் ஓர விளிம்பை.